திருமலைக் குசினியில் உயர்தரச் சமையல்: புதிதாகப் பழகுபவர்களுக்கு

உயர்தரச் சமையல் பழக ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் முதலில் தேடுவது சமையல் குறிப்பைத்தான். அப்புறம் குறிப்பில் வரும் சாமான்களைத் தேடி அலைவார்கள்: ட்ரஃபிள் எண்ணெய், பார்மேசான் சீஸ், வாயில் நுழையாத பெயருள்ள இலைகள். திருகோணமலையில் அவற்றில் பாதி கிடைக்காது, கிடைத்தாலும் விலை கட்டாது. ஆசை அத்தோடு ஆறிப்போகும்.

குறிப்பை விட்டுவிட்டுக் கைப்பழக்கத்தைப் பிடியுங்கள் என்பேன். நல்ல உணவகக் குசினி ஒன்றில் வேலைக்குச் சேரும் பொடியனுக்கு முதலில் பழக்குவது கத்தி, உப்பு, சூடு, எலும்பு வடிசாறு, சோஸ் ஆகிய ஐந்தும்தான். இவை கைக்கு வந்துவிட்டால் எந்த நாட்டுக் குறிப்பையும் பார்த்துச் சமைக்கலாம். பழகுவதற்கோ எங்கள் ஊரை விட நல்ல இடம் இல்லை. காலையில் கரைக்கு வந்த மீன் அன்றைக்கே சட்டிக்கு வரும் ஊர் இது. பாரிஸில் உள்ள சமையற்காரருக்கு அந்த வசதி இல்லை.

முதலில் என்ன வாங்குவது

அதிகம் வேண்டாம். 20 சென்ரிமீற்றர் அளவில் அலகுள்ள ஒரு நல்ல கத்தி, அசையாத மரப்பலகை, அடி கனத்த தட்டையான தாச்சி ஒன்று, சின்னதாய் அடி கனத்த ஒரு சட்டி, முட்டை அடிக்கும் கம்பி, கிராம் காட்டும் டிஜிட்டல் தராசு. இரும்புத் தோசைக்கல் வீட்டில் இருந்தால் தாச்சிக்குப் பதில் அதுவே போதும். நன்றாக எண்ணெய் ஏறிப் பழகிய தோசைக்கல்லில் மீன் ஒட்டுவதில்லை. பணம் மிஞ்சினால் உணவுக்குள் குத்திப் பார்க்கும் வெப்பமானி ஒன்று வாங்கலாம். மெழுகு பூசியது மாதிரி வழுக்கும் ஒட்டாத தாச்சியை முட்டைக்கு வைத்துக்கொள்ளுங்கள். இங்கே சொல்லப்போகும் கடும் சூட்டு வேலைக்கு அது உதவாது, பூச்சும் கெடும்.

கத்தி

கூர் மங்கின கத்திதான் கையை வெட்டும். வெங்காயத் தோலில் ஏறாமல் வழுக்கி விரலுக்கு வந்துவிடும். சாணைக்கல் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் பீங்கான் கோப்பையைக் கவிழ்த்து, அடியில் பளபளப்பு இல்லாமல் சொரசொரப்பாக இருக்கும் வட்ட விளிம்பில் கத்தியைச் சரிவாக வைத்து, இரண்டு பக்கமும் மாறி மாறி இழுங்கள். அன்றாட வேலைக்கு அது போதும்.

பிடியை மட்டும் பிடிக்காமல், பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் அலகின் அடியைக் கிள்ளிப் பிடியுங்கள். மற்றக் கையின் விரல் நுனிகளை உள்ளே மடக்கி, மடிந்த கணு கத்தியைத் தொட்டபடி வழிகாட்டட்டும். சம்பலுக்கும் சொதிக்கும் எப்படியும் தினமும் வெங்காயம் வெட்டுகிறோம். அந்த வெங்காயத்தை ஒரே அளவாக வெட்டிப் பழகினாலே பயிற்சி ஆகிவிடும். ஒரே அளவு ஏன் முக்கியம் என்றால், பெரிசும் சின்னதுமாகக் கிடந்தால் சின்னது கருகி முடியும்போதும் பெரிசு பச்சையாகவே இருக்கும். வேகம் தானாக வரும், அதைத் துரத்த வேண்டாம்.

உப்பு

கை அளவுதான் எங்கள் வீடுகளில் வழக்கம். அந்தக் கை பல வருடம் பழகிய கை என்பதால் பிழைப்பதில்லை. புதியவருக்குத் தராசு வேண்டும். மீனோ இறைச்சியோ, அதன் எடையில் நூற்றுக்கு ஒரு பங்கு உப்பு என்று தொடங்குங்கள்: அரைக் கிலோ மீனுக்கு 5 கிராம். அதை ருசி பார்த்து, கூட்டிக் குறைத்து உங்கள் நாக்குக்குச் சரியான அளவைக் கண்டுபிடியுங்கள். கரண்டியால் அளந்தால் கல்லுப்பும் தூள் உப்பும் ஒரே எடை வராது, தூள் உப்பு இடைவெளி இல்லாமல் நெருங்கி நிற்கும். அதனால்தான் தராசு.

உப்பு எவ்வளவு என்பது போல எப்போது என்பதும் முக்கியம். மீன் துண்டுக்கு உப்புப் போட்டுப் பத்துப் பதினைந்து நிமிடம் விட்டால் மேலே தண்ணீர் முத்துமுத்தாகக் கசியும். அதை ஒற்றி எடுத்துவிட்டுத் தாச்சியில் வையுங்கள். சதை இறுகி, உடையாமல் நிற்கும்.

சூடு: ஒரு மீன் துண்டு போதும்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் செய்து பார்க்க நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள். தோல் மொறுமொறுவென்றும் உள்ளே சாறு வற்றாமலும் ஒரு மீன் துண்டைப் பொரித்து எடுக்கத் தெரிந்தவர் சமையலில் பாதியைப் படித்துவிட்டார்.

மீன் வாங்கும்போதே வேலை தொடங்குகிறது. கண் தெளிவாக, செவுள் சிவப்பாக, விரலால் அமத்தினால் சதை திரும்ப எழும்ப வேண்டும். விளைமீன், பாரை, கொடுவா மூன்றும் இதற்கு நல்லவை. திருமலைக் குடாவில் கூடு போட்டுக் கொடுவா வளர்க்கிறார்கள். அது கையில் கிடைத்தால் விடாதீர்கள், அதன் தோலுக்கு ஈடு இல்லை. மீன்காரரிடம் குறுக்காகத் துண்டு போட விட வேண்டாம். "அண்ணை, செதிலை மட்டும் எடுத்துப் போட்டு, தோலோட ரெண்டு பக்கச் சதையையும் சீவித் தாங்கோ. தலையும் முள்ளும் எனக்கு வேணும், எறிஞ்சு போடாதேங்கோ" என்று சொல்லுங்கள். முதலில் ஒரு மாதிரிப் பார்ப்பார், அடுத்த முறை கேட்காமலே செய்து தருவார். வாடைக்காற்றுக் காலத்தில், அதாவது நவம்பர் முதல் ஜனவரி வரை, கடல் கொந்தளிப்பாக இருக்கும், மீனும் குறையும், விலையும் ஏறும். பழகத் தொடங்குவதற்குப் பங்குனி சித்திரைக்குப் பிறகு வரும் மாதங்கள் வசதி.

வீட்டுக்கு வந்ததும் தோலைக் கத்தியின் முதுகால் வழித்துவிடுங்கள். சாம்பல் நிறத்தில் தண்ணீர் வரும். துணியால் துடைத்துத் திரும்பவும் வழியுங்கள். தண்ணீர் நிற்கும் வரை இதைச் செய்ய வேண்டும், அலுப்புப் பார்க்கக் கூடாது. காரணம் இதுதான். தண்ணீர் 100 பாகை செல்சியஸில் கொதிக்கும். மீனின் மேல் ஈரம் இருக்கும் வரை அந்த இடத்தின் சூடு அதற்கு மேல் ஏறாது. பொன்னிறமும் மணமும் வருவதற்கோ ஏறக்குறைய 140 பாகை வேண்டும். புரதமும் சர்க்கரையும் சேர்ந்து நிறமும் மணமும் கொடுக்கும் அந்த மாற்றத்தை 1912ல் லூயி கமீ மயார் என்ற பிரெஞ்சுக்காரர் விவரித்தார். இன்றைக்கும் அவர் பெயராலேயே அதைச் சொல்கிறார்கள். பாண் மேற்தோலின் மணமும், நெருப்பில் சுட்ட இறைச்சியின் மணமும் இதே மாற்றத்தால் வருவதுதான். ஈரமான மீனைத் தாச்சியில் போட்டால் அது பொரியாது, அவியும்.

தாச்சியை வெறுமனே காயவிடுங்கள். ஒரு துளி தண்ணீர் தெளித்தால் அது உடனே ஆவியாகாமல் உருண்டு ஓட வேண்டும். தண்ணீரைத் துடைத்துவிட்டு ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் விட்டு, எண்ணெய் நெளியத் தொடங்கியதும் தோல்பக்கம் கீழே இருக்கும்படி மீனை உங்களை விட்டு எதிர்ப்பக்கமாகச் சாய்த்து வையுங்கள். எண்ணெய் தெறித்தால் கையில் படாது. வைத்த உடனே தோல் சுருங்கி, துண்டு வில்லாக வளையப் பார்க்கும். தட்டகப்பையால் பத்துப் பதினைந்து விநாடி மெதுவாக அமத்திப் பிடியுங்கள். நெருப்பை நடுத்தரத்துக்குக் குறையுங்கள். இனி மூன்று நான்கு நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள்.

இந்த நேரத்தில்தான் பெரும்பாலானோர் பிழை விடுகிறார்கள். ஒட்டிவிட்டதோ, கருகிவிட்டதோ என்று அகப்பையை உள்ளே விட்டுக் கிளறுவார்கள், தோல் கிழியும். தோல் முறுகியதும் தாச்சியைத் தானாகவே விடும். விடவில்லை என்றால் இன்னும் ஆகவில்லை என்று அர்த்தம். பக்கவாட்டில் குனிந்து பாருங்கள். கண்ணாடி மாதிரி இருந்த சதை அடியிலிருந்து வெள்ளையாகி மேலே ஏறிவரும். மூன்றில் இரண்டு பங்கு ஏறியதும் திருப்புங்கள். இப்போது ஒரு துண்டு பட்டர், தட்டிய உள்ளிப் பல் இரண்டு, ஒரு நெட்டுக் கறிவேப்பிலை போட்டு, நுரைத்து வரும் பட்டரைக் கரண்டியால் அள்ளி சதையின் மேல் ஊற்றிக்கொண்டிருங்கள். ஒரு நிமிடம். எடுங்கள். எடுத்ததும் தோல் மேலே இருக்கட்டும், கீழே இருந்தால் அதன் ஆவியிலேயே தோல் நமுத்துப்போகும்.

வெந்ததா என்று பார்க்க மெல்லிய கத்தி நுனியை நடுவில் விட்டு ஐந்து விநாடி வைத்து எடுத்துக் கீழுதட்டில் தொடுங்கள். குளிர்ந்தால் இன்னும் கொஞ்சம் வேண்டும், இதமான சூடு என்றால் சரி, சுட்டால் தாண்டிவிட்டது. வெப்பமானி இருந்தால் 60 பாகையை ஒட்டிப் பாருங்கள். கர்ப்பிணிகள், சின்னப் பிள்ளைகள், முதியவர்கள் சாப்பிடுவதாக இருந்தால் 63 பாகைக்குக் கொண்டுபோங்கள்.

சூரை, கெலவல்லா, கும்பளா மாதிரி மீன்களில் ஒரு கவனம். இவை வெயிலில் கிடந்தால் சதையில் ஹிஸ்டமின் சேரும். அது எவ்வளவு சமைத்தாலும் அழியாது. சாப்பிட்டுக் கொஞ்ச நேரத்தில் முகம் சிவந்து, தலையிடித்து, உடம்பு கடிக்கும். ஒவ்வாமை என்று நினைப்போம், ஆனால் மீன் ஐஸில் இல்லாமல் கிடந்ததுதான் காரணம். சந்தைக்குப் போகும்போது ஐஸ் போட்ட பெட்டியோடு போங்கள். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் இதை விட்டுவிடவே கூடாது.

கணவாய் கற்றுத்தரும் நேரக் கணக்கு

கணவாய் ரப்பர் மாதிரி வந்துவிட்டது என்று அலுத்துக்கொள்ளாத வீடு குறைவு. கணவாய்க்கு இரண்டே வழிதான். நல்ல சூட்டில் ஒன்றிரண்டு நிமிடம், அல்லது மெல்லிய நெருப்பில் முக்கால் மணி நேரம். இடையில் நிறுத்தினால் கடிபடாது. சூடு பட்டதும் சதை இறுகும், நீண்ட நேரம் மெல்ல வெந்தால் இறுக்கிப் பிடித்த நார் கரைந்து திரும்ப மிருதுவாகும். முதல் வழிக்குத் துண்டுகளை நன்றாகத் துடைத்து, தாச்சி நிரம்ப அள்ளிப் போடாமல் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். நிரப்பினால் சூடு இறங்கித் தண்ணீர் விடும்.

எலும்பு வடிசாறு

மீன்காரரிடம் கேட்டு வாங்கிய தலையும் முள்ளும் இப்போது உதவும். செவுளை வெட்டி எறியுங்கள், முள்ளந்தண்டில் ஒட்டிய இரத்தத்தைக் கழுவுங்கள். இரண்டும் கசக்கும். ஒரு கிலோ முள்ளுக்கு ஒன்றரை லீற்றர் பச்சைத் தண்ணீர், ஒரு பம்பாய் வெங்காயம், பத்து மிளகு, ஒரு துண்டு ரம்பை. மெல்ல மெல்லக் குமிழி வரும் சூட்டில் 25 நிமிடம். துள்ளிக் கொதிக்கவிட்டால் கலங்கும், நேரம் கூடினால் கசப்பு ஏறும். மேலே திரளும் நுரையை எடுத்துக்கொண்டே இருங்கள். உப்புப் போடாதீர்கள், பிறகு வற்றவைக்கும்போது கரித்துவிடும். சூரை, சூடை மாதிரி எண்ணெய் மீன்களின் முள் இதற்கு வேண்டாம்.

இறால் சமைக்கும் நாளில் கோதையும் தலையையும் எறியாதீர்கள். அதில் இருக்கும் செம்மஞ்சள் நிறம் தண்ணீரில் கரையாது, எண்ணெயில்தான் கரையும். எனவே முதலில் எண்ணெயில் கோதைச் சிவக்க வதக்கி, தலையை அகப்பையால் நசுக்கி, அப்புறம் வெங்காயமும் தக்காளியும் போட்டு, தண்ணீர் விட்டு அரை மணி நேரம் வைத்து வடியுங்கள். பிரெஞ்சுக்காரர் பிஸ்க் என்று சொல்லும் சூப்பின் உயிர் இதுதான். கடைசியில் கிரீமுக்குப் பதில் தேங்காயின் முதற்பால் விட்டால் எனக்கு இன்னும் பிடிக்கும்.

எங்கள் வெயிலில் வடிசாற்றை அடுப்பில் விட்டுவிட்டுப் படுக்கப் போகக் கூடாது. சட்டியை ஐஸ் தண்ணீர்ப் பாத்திரத்தில் இறக்கி ஆறவைத்து, இரண்டு மணி நேரத்துக்குள் பிரிட்ஜில் வையுங்கள். ஐஸ் தட்டில் ஊற்றி உறையவைத்தால் வேண்டிய நேரம் வேண்டிய துண்டு எடுக்கலாம்.

சோஸ்: சொதி தெரிந்தவருக்குப் பாதி தெரியும்

பிரெஞ்சுச் சமையலில் தாய்ச் சோஸ், அதாவது மற்றச் சோஸ்களுக்கு அடிப்படையானவை, என்று ஐந்தைச் சொல்வார்கள்: பெஷமேல், வெலூட்டே, எஸ்பன்யோல், தக்காளி, ஹொலண்டேஸ். ஐந்தையும் ஒரே மாதத்தில் பழக வெளிக்கிட்டால் ஒன்றும் நிலைக்காது. முதலில் விளங்கவேண்டியது எண்ணெயும் தண்ணீரும் பிரியாமல் சேர்ந்து நிற்கும் வித்தை. அது எங்கள் வீட்டுச் சொதியில் ஏற்கனவே இருக்கிறது.

தேங்காய்ப்பால் என்பது தண்ணீருக்குள் நுண்ணிய எண்ணெய்த் துளிகள் மிதக்கும் கலவை. துளிகளைச் சுற்றிப் புரதம் ஒரு மெல்லிய படலமாக நின்று அவை ஒன்றோடொன்று சேராமல் காக்கும். சூடு 80 பாகையைத் தாண்டினால் அந்தப் புரதம் திரளத் தொடங்கும், புளி சேர்ந்தால் இன்னும் விரைவாகத் திரளும். அதனால்தான் வெங்காயம், பச்சை மிளகாய், வெந்தயம் எல்லாவற்றையும் இரண்டாம் பாலில் அவித்து, முதற்பாலைக் கடைசியில் விட்டு, கை எடுக்காமல் துழாவி, கொதி எழும்பும் தறுவாயில் இறக்கி, ஆறவிட்ட பிறகே தேசிக்காய் பிழிகிறார்கள். அம்மாமார் சொல்லும் இந்த ஒழுங்கு முறை முழுக்க அந்தப் படலத்தைக் காப்பாற்றும் வேலை.

இனி அதே கவனத்தோடு, பிரான்சின் நாந்த் நகரப் பக்கத்திலிருந்து வந்த பெர் பிளாங் என்ற பட்டர் சோஸைச் செய்து பாருங்கள். அங்கே ஷலட் என்ற சின்ன வெங்காயமும் வெள்ளை வைனும் போடுவார்கள். எங்கள் சின்ன வெங்காயம் அதற்கு நெருங்கிய சொந்தம். வைனுக்குத் தேங்காய் வினாகிரி போதும். வைன் தொடாத வீடுகளும் தயங்காமல் செய்யலாம், ருசியில் குறை இல்லை.

நான்கு சின்ன வெங்காயத்தைப் பொடியாக அரிந்து, நான்கு மேசைக்கரண்டி வினாகிரி, அதே அளவு தண்ணீர் விட்டு, அடியில் ஒரு மேசைக்கரண்டி அளவு ஈரம் மிஞ்சும் வரை வற்றவையுங்கள். நெருப்பை ஆகக் குறையுங்கள். பிரிட்ஜிலிருந்து நேராக எடுத்த 100 கிராம் பட்டரை, உப்பில்லாதது கிடைத்தால் நல்லது, சின்னச் சதுரமாக வெட்டி ஒவ்வொன்றாகப் போட்டுக் கம்பியால் அடித்துக்கொண்டே இருங்கள். ஒன்று கரையும் தறுவாயில் அடுத்தது. குளிர்ந்த பட்டர் ஏன் என்றால் ஒவ்வொரு துண்டும் சட்டியின் சூட்டை இறக்கிக்கொண்டே வரும். சுமார் 58 பாகையைத் தாண்டினால் பட்டர் உருகி நெய்யாகப் பிரிந்துவிடும். சட்டியின் பக்கத்தைக் கையால் தொட்டுப் பாருங்கள், தொட முடியாத சூடு என்றால் உடனே இறக்குங்கள். ஓரத்தில் மஞ்சள் எண்ணெய் கசியத் தொடங்கினால் ஒரு மேசைக்கரண்டி குளிர்ந்த தண்ணீர் விட்டு வேகமாக அடியுங்கள், பெரும்பாலும் திரும்பிச் சேரும். உப்புப் பார்த்து, தேசிக்காய்ப் புளி சில துளி. சோஸ் கரண்டியின் முதுகில் படிந்து, விரலால் கோடு இழுத்தால் கோடு நிற்க வேண்டும்.

இது கைவந்தால் ஹொலண்டேஸ் பயமில்லை. மஞ்சட்கரு அடிக்கும்போது 70 பாகையைத் தாண்டவிடாதீர்கள், தாண்டினால் முட்டைப் பொரியல்தான். மயோனேஸை வீட்டில் தேங்காய் எண்ணெயில் செய்வதானால் அன்றே சாப்பிட்டு முடியுங்கள். தேங்காய் எண்ணெய் 24, 25 பாகையில் உறையும், பிரிட்ஜுக்குப் போனால் கட்டியாகிப் பிரிந்துவிடும். பச்சை முட்டை என்பதால் வெளியே வைத்திருக்கவும் கூடாது.

ஒரு இரவுச் சாப்பாடாகச் சேர்ப்பது

தனித்தனியாகப் பழகியதை ஒரு சனிக்கிழமை சேர்த்துப் பாருங்கள். விளைமீன், பட்டர் சோஸ், பக்கத்தில் அவித்த மரவள்ளிக் கிழங்கு மசியல், கொஞ்சம் வதக்கிய கீரை. அடுப்பைப் பற்றவைக்க முன்னர் எல்லாவற்றையும் வெட்டி, அளந்து, தனித்தனிக் கோப்பைகளில் எடுத்து வையுங்கள். உப்பு எங்கே, துணி எங்கே என்று நடுவில் தேடக் கூடாது. வடிசாறு காலையிலேயே முடிந்திருக்கட்டும். கிழங்கை முதலில் அவித்து, கொஞ்சம் வடிசாறு விட்டு மசித்து மூடி வையுங்கள். அடுத்தது சோஸ். அதைச் சுடுதண்ணீர்ப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் இதமாக வைத்திருக்கலாம். எங்கள் ஊர்ச் சூட்டில் அது சட்டென்று இறுகாது, அந்த விதத்தில் வெயில் எங்களுக்கு நல்லது. மீன் கடைசி. மீன் தாச்சிக்குப் போகும்போது சாப்பிடுகிறவர்கள் மேசையில் இருக்க வேண்டும், முறுகிய தோல் பத்து நிமிடம் காத்திருக்காது.

தட்டில் அலங்காரம் பற்றி அதிகம் யோசிக்க வேண்டாம். தட்டைச் சூடாக்கி, ஓரத்தைத் துடைத்து, சோஸை மீனின் மேல் ஊற்றாமல் கீழே ஊற்றுங்கள். தோல் ஈரமாகக் கூடாது, அவ்வளவுதான்.

மீன் இரண்டு மூன்று தடவை நன்றாக வந்த பிறகு கோழித் தொடைக்குப் போங்கள். அதே தாச்சி, அதே தோல் வேலை. ஆனால் நெருப்பு இன்னும் குறைவு, நேரம் கூட, உள்ளே 74 பாகை வரவேண்டும். பொரித்து எடுத்த தாச்சியின் அடியில் பழுப்பாக ஒட்டியிருப்பதைக் கழுவி ஊற்றிவிடாதீர்கள். கொழுப்பை வடித்துவிட்டு அரைக் கோப்பை கோழி வடிசாறு விட்டு, மர அகப்பையால் சுரண்டி, பாதியாக வற்றவைத்து, இறக்கியதும் ஒரு துண்டு குளிர்ந்த பட்டரைச் சுழற்றிக் கலந்துவிட்டால் சோஸ் தயார்.